மாற்றாள் வரும் வரை: காவற்பணியின் வரலாறும் நம் கடமையும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைமீது ஏறிச் செல்லும் சாலை காவலூரை அடைகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில், காட்டின் நடுவே அமைந்த சிற்றூர் அது. பெயரைக் கேட்டவுடன் ‘காவல்’ என்னும் சொல் நம் செவியில் விழுகிறது. அவ்வூரை உலகம் அறிந்திருப்பதோ வானத்தைக் கண்காணிக்கும் ஊர் என்று. நகரங்களின் வெளிச்சம் எட்டாத இருளையும், தென்வானத்தையும் காண வாய்ப்பான இடத்தையும் தேடிய வானியல் அறிஞர் வைணு பாப்பு அம்மலையைத் தேர்ந்தெடுத்தார். 1968ஆம் ஆண்டு 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றுடன் அங்குப் பணி தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10ஆம் நாள், யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டென்று அறியப்பட்ட அந்த இரவில், காவலூரின் தொலைநோக்கியும் விழித்திருந்தது. 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் பெருந்தொலைநோக்கியை அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். இன்று அவ்விடம் வைணு பாப்பு வானாய்வகம் என்று அழைக்கப்படுகிறது.

நம் மதரஸாவின் மாணவர்களை ஒருமுறை அங்கே அழைத்துச் சென்றோம். இரவையும் பகலையும் வானங்களின் படைப்பையும் சிந்திக்கச் சொல்லும் திருமறையை ஓதும் பிள்ளைகள், அந்த வானத்தைக் கருவி கொண்டு ஆய்வோரின் இடத்தையும் ஒருமுறை காணட்டும் என்பது நம் எண்ணம். மலையிறங்கித் திரும்பும்போது எல்லாரும் தொலைநோக்கியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தனர். பேருந்தின் பின்னிருக்கையில் இருந்த ஒரு சிறுவன் மட்டும் வேறொரு வினாவை எழுப்பினான்: “ஹஜ்ரத், உள்ள இருக்கிறவங்க நட்சத்திரம் பாக்குறாங்க. கேட்டுல நிக்கிறவரு ராத்திரி பூரா எதைப் பாப்பாரு?”

அப்போது நாம் சிரித்துவிட்டு ஏதோ ஒரு விடை சொன்னோம். ஆனால் அவ்வினா நம்முடனேயே வீடு வரை வந்தது. விண்ணைப் பார்த்து விழித்திருப்பவரின் பெயரை வரலாறு எழுதி வைக்கிறது. வாயிலைப் பார்த்து விழித்திருப்பவரின் பெயரை எழுதி வைப்பதில்லை. பள்ளிவாசல், மருத்துவமனை, வங்கி, துணிக்கடை, அடுக்குமாடிக் குடியிருப்பு என்று எங்கும் நிற்கும் அந்த மனிதரின் வரலாறு என்ன? மார்க்கம் அவரைப் பற்றி என்ன சொல்கிறது? நாம் அவருக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம்? இவற்றையே இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்கிறோம்.

நம் மண்ணில் காவல்

தமிழகத்தில் காவல் என்பது மிகப் பழைய தொழில். ஊர்தோறும் காவற்காரரும் தலையாரியும் இருந்தனர். விளைந்த பயிரையும், களத்து மேட்டில் குவிந்த நெல்லையும், கொட்டிலில் கட்டிய மாட்டையும் அவர்கள் காத்தனர். அவர்களுக்குரிய கூலி பெரும்பாலும் பணமாக அன்று, அறுவடைக் காலத்தில் தானியமாகவே அளக்கப்பட்டது. இன்றைய காவலர் பலர் கேட்டால் திகைக்கக்கூடிய ஒரு விதியும் அதில் இருந்தது: காவலில் உள்ள ஊரில் பொருள் களவு போனால், காவற்காரர் அதைக் கண்டுபிடித்துத் தரவேண்டும், அல்லது இழப்பை ஈடுசெய்ய வேண்டும். பொறுப்பு கடுமையானது. அதற்கேற்ப உரிமையும் மதிப்பும் இருந்தன. காவற்காரர் ஊரின் வேலையாள் மட்டுமல்லர், ஊரின் பிணையாளும் ஆவார். அம்முறையில் முறைகேடுகளும் இருந்தன. காவலுக்குக் கூலி தராத ஊரில் களவு நிகழ்வதும், களவு போன மாட்டை மீட்டுத் தரத் ‘துப்புக் கூலி’ கேட்பதும் உண்டு. எனினும் காப்பவரும் காக்கப்படுபவரும் ஒருவரையொருவர் முகமறிந்து வாழ்ந்த காலம் அது.

1801இல் பாளையக்காரர் போர் முடிந்தபின், பாளையக்காரர்களிடம் இருந்த காவல் உரிமைகளைக் கிழக்கிந்தியக் கும்பினி தன்வசமாக்கிக் கொண்டது. 1859இல் சென்னை மாகாணக் காவல் சட்டம் வந்தது. சீருடை அணிந்த போலீசுத் துறை முழு வடிவம் பெற்றது. தலைமுறை தலைமுறையாகக் காவலையே தொழிலாகக் கொண்டிருந்த மக்கள் அதன்பின் என்ன ஆயினர் என்பது துயரமான வரலாறு. 1871இல் வட இந்தியாவில் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. காவலுரிமை பெற்றிருந்த பிரமலைக் கள்ளர் போன்ற சமூகத்தார், பிறப்பினாலேயே குற்றவாளிகளாகப் பதிவு செய்யப்பட்டனர். அதை எதிர்த்து நின்ற மதுரைச் சீமையின் பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947இல் அச்சட்டம் நீக்கப்படும் வரை, ஒரு காலத்தில் ஊரைக் காத்தவரின் பேரப்பிள்ளைகள் இரவில் காவல் நிலையத்தில் கைரேகை வைக்க வேண்டியிருந்தது. காப்பவரையே முதலில் சந்தேகிக்கும் வழக்கம் நம் சமூகத்தில் இன்றும் மறையவில்லை. வீட்டில் ஒரு பொருள் காணாமற் போனால் முதலில் அழைக்கப்படுபவர் யார் என்று எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

பின்னர் நம் நகரங்களின் தெருக்களில் ‘கூர்க்கா’ வந்தார். நேபாளப் போரின்போதே 1815 முதல் கூர்க்கா வீரர்கள் ஆங்கிலேயர் படையில் சேர்க்கப்பட்டனர். 1950ஆம் ஆண்டு இந்திய-நேபாள ஒப்பந்தம், நேபாள மக்கள் இந்தியாவில் தங்கித் தொழில் செய்ய வழிவகுத்தது. நம்மில் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு நள்ளிரவில் கேட்ட அந்த விசில் ஒலியும், தரையில் தட்டிய கோலின் ஓசையும் நினைவிருக்கும். மாதத் தொடக்கத்தில் வீடு வீடாக வந்து நின்று, கொடுத்ததை வாங்கிக் கொண்டு, சலாம் வைத்துப் போவார். அவருடைய பிள்ளைகள் எத்தனை பேர் என்று நாம் கேட்டதில்லை. அவர் இருக்கிறார் என்ற தைரியத்தில் உறங்கினோம். அவர் எப்போது உறங்கினார் என்று எண்ணியதில்லை.

மதீனாவின் இரவுகள்

இஸ்லாமிய வரலாற்றில் காவல் எளிய பணியாகக் கருதப்படவில்லை. எல்லைக் காவலுக்கு ‘ரிபாத்’ என்று பெயர். வட ஆப்பிரிக்காவின் கடற்கரைகளில் அதற்கெனவே கோட்டைகள் எழுந்தன. துனீசியாவின் மொனாஸ்திர் நகரில் கி.பி. 796இல் எழுப்பப்பட்ட ரிபாத் இன்றும் நிற்கிறது. மொராக்கோவின் தலைநகரான ரபாத், அச்சொல்லிலிருந்தே தன் பெயரைப் பெற்றது. காவலர்கள் பகலில் கடலைப் பார்த்தும் இரவில் இறைவனைத் தொழுதும் வாழ்ந்த இடங்கள் அவை.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்து இரவுகள் நான்கை இங்கே நினைவுகூர்வோம்.

முதலாவது, ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் இரவு. மதீனாவில் ஓர் இரவு நபியவர்களுக்கு உறக்கம் வரவில்லை. தம் தோழர்களில் நல்லவர் ஒருவர் இன்றிரவு காவல் இருந்தால் நன்றாயிருக்குமே என்று விரும்பினார்கள். அச்சமயம் வெளியே ஆயுதத்தின் ஓசை கேட்டது. யார் என்று வினவியபோது, காவல் இருக்கவே வந்தேன் என்று ஸஅத் (ரலி) கூறினார்கள். நபியவர்கள் அவருக்காகத் துஆச் செய்து, பின் நிம்மதியாக உறங்கினார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஒரு மனிதர் நிம்மதியாக உறங்க மற்றொருவர் விழித்திருப்பது எத்துணைப் பெரிய நன்மை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. காக்கப்பட்டவர் காத்தவருக்காகத் துஆச் செய்தார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

இரண்டாவது, அபூஹுரைரா (ரலி) அவர்களின் இரவுகள். ரமளான் ஸகாத்தாகச் சேர்ந்த உணவுப் பொருள்களைக் காக்கும் பொறுப்பு அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அதாவது, அவர்கள் பொதுச் சொத்தின் இரவுக் காவலர். ஒருவன் வந்து தானியத்தை அள்ளினான். பிடிபட்டதும் வறுமையையும் குடும்பச் சுமையையும் சொல்லிக் கெஞ்சினான். இரக்கப்பட்டு விட்டுவிட்டார்கள். மறுநாளும் அவ்வாறே நிகழ்ந்தது. மூன்றாம் இரவு பிடிபட்டபோது, உறங்கும் முன் ஆயத்துல் குர்ஸியை ஓதுமாறு அவன் கற்றுக் கொடுத்தான். வந்தவன் ஷைத்தான் என்பதையும், பொய்யனாயினும் அந்த ஒன்றில் அவன் உண்மை சொன்னான் என்பதையும் நபியவர்கள் பின்னர் விளக்கினார்கள். இந்நிகழ்வை நாம் பலமுறை ஓதியிருக்கிறோம். ஆனால் அதில் ஒரு நுட்பத்தைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம். ஒவ்வொரு நாள் காலையிலும் நபியவர்களே தம் காவலரை அழைத்து, இரவில் பிடிபட்டவன் செய்தி என்னவாயிற்று என்று விசாரித்தார்கள். காவலரின் இரவில் என்ன நிகழ்ந்தது என்று காலையில் கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

மூன்றாவது, பிலால் (ரலி) அவர்களின் இரவு. ஹிஜ்ரி 7இல் கைபரிலிருந்து திரும்பும் வழியில் படையினர் மிகக் களைத்துப் போயினர். இரவின் பிற்பகுதியில் ஓரிடத்தில் தங்கினர். ஃபஜ்ரு நேரத்தைக் கவனித்து எழுப்பும் காவற்பொறுப்பு பிலால் (ரலி) அவர்களுக்குத் தரப்பட்டது. அவர்கள் இயன்றவரை தொழுதுவிட்டு, கிழக்கு நோக்கி, தம் வாகனத்தில் சாய்ந்து அமர்ந்தார்கள். கண் அயர்ந்துவிட்டது. சூரியன் சுட்ட பிறகே எல்லாரும் விழித்தனர். தங்களை ஆட்கொண்டதே என்னையும் ஆட்கொண்டது என்று பிலால் (ரலி) சொன்னார்கள். அவர்களைப் பொறுப்பிலிருந்து நீக்கியதாகவோ கடிந்துகொண்டதாகவோ வரலாற்றில் இல்லை. சற்று நகர்ந்து சென்று, அதே பிலால் (ரலி) அவர்களைக் கொண்டே தொழுகைக்கு அழைப்புச் சொல்லச் செய்து, நபியவர்கள் தொழுகை நடத்தினார்கள். நாள் முழுதும் நடந்து களைத்த மனிதனை இரவும் விழித்திருக்கச் சொன்னால் உடல் தோற்றுவிடும் என்பதை அறிந்த தலைமையின் கருணை அது.

நான்காவது, கலீஃபா உமர் (ரலி) அவர்களின் இரவு. வணிகர் கூட்டமொன்று மதீனாவின் தொழுகைத் திடலில் வந்து தங்கியது. அவர்களுக்கு இன்றிரவு நாம் காவல் இருப்போமா என்று அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை அழைத்துக்கொண்டு கலீஃபாவே சென்றார்கள். விழித்தும் தொழுதும் இருந்த அவ்விரவில் ஒரு குழந்தையின் அழுகை மீண்டும் மீண்டும் கேட்டது. பால் மறந்த குழந்தைகளுக்கே உமர் உதவித்தொகை தருகிறார், அதனால் முன்னதாகவே பாலை மறக்கச் செய்கிறேன் என்று தாய் சொன்னாள், கேட்பவர் யாரென்று அறியாமல். விடியற்காலைத் தொழுகையில் உமர் (ரலி) அவர்களின் அழுகையால் ஓதல் தெளிவாகக் கேட்கவில்லை என்று வரலாற்றாசிரியர் இப்னு ஸஅத் பதிவு செய்கிறார். அன்று முதல் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை என்று ஆணை பிறந்தது. இரவுக் காவலில் நின்றவருக்கே அந்த அழுகை கேட்டது. அரண்மனையில் உறங்கியிருந்தால் கேட்டிருக்காது.

உறங்காதவன் ஒருவனே

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது ஓர் உண்மை துலங்குகிறது. சிறு உறக்கமோ பெருந்துயிலோ தீண்டாதவன் அல்லாஹ் ஒருவனே என்று ஆயத்துல் குர்ஸி கற்பிக்கிறது. வானங்களையும் பூமியையும் காப்பது அவனுக்குக் களைப்பைத் தருவதில்லை. மாற்றாள் இல்லாமல் காக்கும் ஆற்றல் அவனுக்கு மட்டுமே உரியது. படைப்பினங்கள் காக்கும்போது முறைமாறியே காக்கின்றன. மனிதனுக்கு முன்னும் பின்னும் முறைவைத்து வரும் காவல் வானவர்கள் உண்டென்று ‘ரஅத்’ அத்தியாயம் சொல்கிறது. இரவின் வானவர்களும் பகலின் வானவர்களும் ஃபஜ்ரிலும் அஸரிலும் சந்தித்து முறைமாறுகின்றனர் என்று நபிமொழி விளக்குகிறது. களைப்பறியாத வானவர்களுக்கே முறை உண்டெனில், களைத்துப்போகும் மனிதனுக்கு முறை வேண்டாமா?

இன்னும் வியப்பானது, ‘நிஸா’ அத்தியாயம் கற்பிக்கும் அச்சநேரத் தொழுகை. பகைவர் எதிரே நிற்கும் வேளையிலும் ஜமாஅத் தொழுகை கைவிடப்படவில்லை. ஒரு பிரிவினர் நபியவர்களுடன் தொழ, மறுபிரிவினர் காவல் நிற்பர். பின்னர் தொழுதவர் காவலுக்குச் செல்ல, காவல் நின்றவர் வந்து தொழுவர். போர்க்களத்திலும் காவலரைத் தொழுகை வரிசைக்கு வெளியே நிரந்தரமாக நிறுத்திவைக்க இறைவன் இசையவில்லை. முதலில் தொழுதவருக்கு, எழுந்து சென்று காவல் நிற்கும் கடமை உடனே வந்துவிடுகிறது. நாம் தொழும்போது நம்மைக் காப்பவருக்கு நாம் பட்ட கடன் இதுவே.

இன்றைய காவலரின் இரவு

இன்றைக்கு வருவோம். 1919இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, தொழிற்சாலைகளில் நாளொன்றுக்கு எட்டு மணிநேர வேலை என்னும் உடன்படிக்கையை இயற்றியது. 1930இல் வணிக நிறுவனங்களுக்கும் அதுபோன்ற உடன்படிக்கை வந்தது. ஆனால் விட்டுவிட்டு நிகழும் வேலை என்று சொல்லி, கட்டடக் காவலர்களையும் கிடங்குக் காவலர்களையும் அந்த வரம்புக்கு வெளியே வைக்க அதிலேயே இடம் தரப்பட்டது. சும்மா உட்கார்ந்திருக்கும் வேலைதானே என்னும் எண்ணம் சட்டத்துக்குள்ளும் நுழைந்த வரலாறு இது.

அவ்வெண்ணத்தின் பயன்தான் நம் ஊர்களில் காணும் பன்னிரண்டு மணிநேர ட்யூட்டி. மாற்று ஆளாகிய ‘ரிலீவர்’ வராவிட்டால் அதுவே டபுள் ட்யூட்டியாகி, இருபத்து நான்கு மணிநேரமாக நீளும். இரவை ஓய்வாகவும் பகலைப் பிழைப்புக்காகவும் படைத்ததாக இறைவன் கூறுகிறான். காவலரின் வாழ்வில் அது தலைகீழாகிறது. பகலில் தகரக் கூரையின் வெப்பத்திலும் பிள்ளைகளின் கூச்சலிலும் அவர் உறங்க முயல வேண்டும். உடல் தனக்குள்ளேயே ஒரு கடிகாரத்தை வைத்திருக்கிறது. அதன் இயக்கத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. தொடர்ந்த இரவுப்பணி, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியவற்றின் பட்டியலில் ‘பெரும்பாலும் ஏற்படுத்தலாம்’ என்னும் வகையில் 2007இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமையால் சேர்க்கப்பட்டது. 2019இல் அது மீண்டும் உறுதி செய்யப்பட்டது. சும்மா உட்கார்ந்திருப்பதன் விலை இது.

கடல் கடந்தாலும் நிலை பெரிதும் மாறுவதில்லை. வளைகுடாவில் ‘நாத்தூர்’ என்றும் ‘ஹாரிஸ்’ என்றும் அழைக்கப்படும் கட்டடக் காவலர்களாக நம் குடும்பத்துப் பெரியவர்கள் பலர் காலம் கழித்திருக்கின்றனர். கத்தாரில் உலகக் கோப்பைக் கால்பந்து நடைபெற்ற 2022ஆம் ஆண்டில் ஆம்னெஸ்டி அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. எட்டு நிறுவனங்களைச் சேர்ந்த 34 காவலர்களிடம் விசாரித்து, வார விடுப்பில்லாத பன்னிரண்டு மணிநேர நாள்களை அது பதிவு செய்தது. வரிசை வரிசையாகப் பள்ளிவாசல்கள் நிற்கும் மண்ணிலும் மாற்றாள் இல்லாத காவல் தொடர்ந்தது என்பது நம்மைத் தலைகுனியச் செய்கிறது.

நல்ல மாற்றங்களும் நிகழ்ந்துள்ளன. 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம், உரிமம் பெறாமல் காவல் ஏஜென்சி நடத்துவதைத் தடை செய்தது. அதன்கீழ் வகுக்கப்பட்ட மாதிரி விதிகள், காவலருக்கு 100 மணிநேர வகுப்புப் பயிற்சியும் 60 மணிநேரக் களப்பயிற்சியும் வேண்டுமென்கின்றன. கேரளம் 2018இலும் தமிழகம் 2021இலும், கடைகளில் பணிபுரிவோர் வாய்ப்புள்ளபோது அமர்வதற்கு இருக்கை தரவேண்டுமெனச் சட்டம் இயற்றின. துணிக்கடைப் பெண்களின் கால்வலியிலிருந்து பிறந்த சட்டம் அது. வாயிலில் நிற்பவரின் கால்களும் அதே வலியை அறியும்.

துன்பம் மட்டுமே இப்பணி என்று சொன்னால் அதுவும் நேர்மையாகாது. பெரிய படிப்பில்லாதவருக்கும், வயது முதிர்ந்து வேறு வேலை கிடைக்காதவருக்கும் இது ஹலாலான வருவாயின் வாயில். இறைப்பாதையில் இரவு விழித்துக் காத்த கண்ணை நரக நெருப்பு தீண்டாது என்ற கருத்தில் நபிமொழி உண்டு. அதன் நேர்ப்பொருள் எல்லைக் காவலையே குறிக்கும். ஊதியப் பணி ஒவ்வொன்றுக்கும் அதை அப்படியே பொருத்திச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆயினும் குடும்பத்துக்காக ஹலாலாக உழைப்பவன், அமானிதத்தைப் பேணி விழித்திருப்பவன், நல்ல நிய்யத்துடன் இருந்தால் அவனுடைய இரவு வீணாகாது என்பதில் ஐயமில்லை. பிறர் அலாரம் வைத்தும் எழ இயலாத தஹஜ்ஜுத் நேரம் அவருக்குத் தானாகவே வாய்க்கிறது. கைப்பேசித் திரையில் அந்நேரத்தைக் கரைப்பதும், திக்ரில் கழிப்பதும் அவர் கையில் உள்ளது. காவலராக இருக்கும் சகோதரர்களுக்கு நாம் அன்புடன் சொல்லும் ஒரே சொல் இது: உங்கள் இரவின் ஒரு பகுதியை உங்களுக்கென எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வாயிலில்

நாங்கள் பாடம் நடத்தும் மதரஸாவின் வாயிலிலும் ஒரு காவலர் இருக்கிறார். தோல் பதனிடும் தொழிற்சாலையில் பல்லாண்டு உழைத்து ஓய்ந்தவர். காவலூரிலிருந்து திரும்பிய சில நாள்களில், அச்சிறுவனின் வினா உறுத்தவே, ஒரு ஜும்ஆ முடிந்ததும் அவரிடம் சென்று நின்றோம். குத்பா நன்றாகக் கேட்டதா என்று வினவினோம். “கேட்டுச்சு ஹஜ்ரத். அஞ்சு வருஷமா மைக்குலதான் கேக்குறேன்” என்றார். அவர் குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. அதனாலேயே அது எங்களை அதிகம் சுட்டது.

நூற்றுக்கணக்கானோர் உள்ளே வரிசையில் நிற்க, எங்கள் செருப்புகளுக்கும் வாகனங்களுக்கும் காவலாக அவர் ஐந்தாண்டு வெளியே நின்றிருக்கிறார். எங்கள் ஜும்ஆ முடிந்தபின் தனியே நான்கு ரக்அத் ளுஹரைத் தொழுதிருக்கிறார். உயிருக்கோ பொருளுக்கோ அச்சம் உள்ள நிலையில் ஜமாஅத்தையும் ஜும்ஆவையும் விட்டுவிட ஃபிக்ஹு நூல்கள் அனுமதிக்கின்றன என்பது உண்மை. அந்தச் சலுகை நெருக்கடிக்கு உரியது. ஒரு மனிதரின் தலையில் ஐந்தாண்டுக்குச் சுமத்துவதற்காக அது தரப்படவில்லை. அச்சநேரத் தொழுகையின் வசனத்தை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு விளக்கிச் சொன்னவர்கள் நாங்கள். அவ்வசனம் எங்கள் வாயிலிலேயே நின்றுகொண்டிருந்ததை நாங்கள் பார்க்கவில்லை.

அடுத்த வாரமே ஆசிரியர்கள் கூடி முறை வகுத்தோம். ஊரில் வேறொரு பள்ளிவாசலில் ஜும்ஆ முக்கால் மணிநேரம் தாமதமாக நடைபெறுகிறது. வாரம் ஒருவராக எங்களில் ஒருவர் வாயிலில் அமர்ந்துவிட்டுப் பின்னர் அங்கே சென்று தொழுகிறோம். எங்கள் முறை வந்த முதல் வெள்ளியன்று அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தபோதுதான் சில செய்திகள் விளங்கின. நண்பகல் வெயில் அந்த இடத்தில் நேரே முகத்தில் விழுகிறது. குடிநீர்க் குழாய் கட்டடத்தின் மறுகோடியில் உள்ளது. கழிப்பறைக்குச் சென்றால் வாயில் காவலின்றிப் போகும். வண்டியில் வந்திறங்கியவர்களுள் பலர் சாவியைப் பார்த்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள். நாற்காலியில் இருப்பவருக்குச் சலாம் சொன்னவர் சிலரே. எங்களை அடையாளம் கண்டவர்கள் மட்டும் வெட்கத்துடன் திரும்பி வந்து சலாம் சொன்னார்கள். இப்போது அங்கே ஒரு நிழற்கூரையும் தண்ணீர்ப் பானையும் இருக்கின்றன. செய்த பின்தான் தெரிந்தது, அவற்றுக்கு ஆன செலவு எவ்வளவு சிறிது என்பது.

அன்பான சகோதர சகோதரிகளே, முத்தவல்லிகளே, நிர்வாகிகளே! உங்கள் பள்ளிவாசலில், கடையில், குடியிருப்பில் உள்ள காவலரை இந்த வாரம் ஒருமுறை சந்தியுங்கள். அவருக்கு மாற்றாள் உண்டா, வார விடுப்பு உண்டா என்று கேளுங்கள். ஏஜென்சி மூலம் வந்தவராயின், நீங்கள் தரும் தொகையில் அவர் கைக்கு எவ்வளவு போகிறது, இ.எஸ்.ஐ.யும் வருங்கால வைப்பு நிதியும் முறையாகச் செலுத்தப்படுகின்றனவா என்று விசாரியுங்கள். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியை முழுமையாகத் தராதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் எச்சரிக்கிறான் என்பதை மறவாதீர்கள். ஏஜென்சியைக் காட்டி அந்த வழக்கிலிருந்து நாம் தப்பிவிட முடியாது. அவர் எந்தச் சமயத்தவராயினும் நீதி ஒன்றே. தொழுகைக்குச் செல்ல வேண்டிய முஸ்லிமுக்கு மாற்றாள் வேண்டும் என்பதுபோலவே, தம் பிள்ளையின் காய்ச்சலுக்கு வீடு செல்ல வேண்டிய பிற சமயத்தவருக்கும் மாற்றாள் வேண்டும். பெற்றோர்களே, வாயிலைக் கடக்கும்போது உங்கள் பிள்ளைகள் முன்னிலையில் அவரிடம் நலம் விசாரியுங்கள். அவர்கள் அதைக் கண்டு கற்றுக்கொள்வார்கள்.

வாயிலில் நிற்பவர் இரவு முழுதும் எதைப் பார்ப்பார் என்று கேட்ட சிறுவனுக்கு நாங்கள் அன்று சரியாக விடை சொல்லவில்லை. இப்போது சொல்கிறோம்: மகனே, அவர் பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாற்றாள் வருகிறாரா என்று.

உறங்காமல் நம்மைக் காக்கும் வல்ல ரஹ்மான், உறங்காமல் நமக்காக விழித்திருப்போரின் உடலுக்கு நலத்தையும், உழைப்புக்கு நிறைவான கூலியையும், இரவுகளுக்கு ஒளியையும் தந்தருள்வானாக. அவர்களுக்குரிய கடனை நிறைவேற்றும் உள்ளத்தை நமக்குத் தருவானாக. ஆமீன்.